மார்ச் மேட்னஸ் பூல்: கோளாறு வாரியாகக் கைவைத்தியம்

மார்ச் மேட்னஸ் என்பது அமெரிக்கக் கல்லூரி அணிகளின் கூடைப்பந்துப் போட்டி. எந்த ஆட்டத்தில் யார் வெல்வார் என்று ஆளாளுக்கு முன்பே நிரப்பித் தரும் தாள்தான் பிராக்கெட். காசு போட்டு, யார் பிராக்கெட்டுக்கு அதிகப் புள்ளி என்று பார்ப்பது பூல். முதல் வருடம் பூல் நடத்தப் போகிறேன் என்று ஊரில் அம்மாவிடம் சொன்னபோது, "அமெரிக்கா போயும் சீட்டுப் பிடிக்கிறியாடா?" என்று கேட்டார். அப்படி ஒன்றும் தப்பான கேள்வி இல்லை. சீட்டுப் பிடிப்பவருக்கு வரும் தலைவலி அத்தனையும் இதிலும் வரும். என் பேர் விட்டுப்போச்சு, கணக்கு உதைக்குது, காசு வரலை, நடுவில் யாரோ ஏதோ பண்ணிட்டாங்க.

நியூஜெர்சியில் எங்கள் பூலில் 30 பேருக்குப் பக்கம் இருக்கிறோம். அலுவலக நண்பர்கள், தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிடும் பெற்றோர், சென்னையில் இரண்டு தம்பிமார். சில வருடம் பிராக்கெட் தளங்களில் நடத்தினேன், பல வருடம் கூகுள் ஃபார்ம், ஷீட் வைத்து நடத்தினேன். இரண்டிலும் வரும் கோளாறுகள் வருடா வருடம் ஒன்றேதான்.

இதை நடத்துவது என்சிஏஏ என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பு. ஆண்கள் போட்டியை இங்கே விரிவாக விளக்கவில்லை. 68 அணிகள், அதில் 8 அணிகள் ஒஹாயோவின் டேட்டன் நகரில் செவ்வாய், புதனில் மோதி 4 ஆகும், மீதமுள்ள 64 அணிகளுக்கு 63 ஆட்டங்கள். நான்கு மண்டலம், மண்டலத்துக்கு 1 முதல் 16 வரை சீட் எண், அதாவது அணியின் தரவரிசை எண், 1 தான் பலமான அணி. இவ்வளவு தெரிந்தால் போதும். உங்கள் கோளாறு எந்தத் தலைப்போ அங்கே போய்விடுங்கள். எளிய காரணம் முதலில், மனஸ்தாபத்தில் முடிகிற காரணம் கடைசியில்.

கோளாறு: "நேத்தே அனுப்பினேனே, என் பிராக்கெட் எங்கே?"

வியாழன் மதியம் முதல் ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் இந்தச் செய்தி வரும். வரவில்லை என்றால்தான் ஆச்சரியம்.

*தளத்தில் நடத்துகிறீர்கள் என்றால்*

முதலில் பார்க்க வேண்டியது, அவர் பிராக்கெட்டை நிரப்பினாரா, அல்லது நிரப்பிக் குழுவிலும் சேர்ந்தாரா என்பது. இரண்டும் தனித்தனி வேலை. பத்துக்கு எட்டுப் பேர் நிரப்பிவிட்டுக் குழுவில் சேர மறந்தவர்கள்தான். அடுத்தது, ஆண்கள் போட்டிக்குப் பதில் பெண்கள் போட்டியின் பிராக்கெட்டை நிரப்பியிருப்பது. சிரிக்காதீர்கள், இரண்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும். மூன்றாவது, அலுவலக மின்னஞ்சலில் ஒரு கணக்கு, சொந்த மின்னஞ்சலில் ஒரு கணக்கு.

அவருடைய பிராக்கெட் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்றில் எது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆட்டம் தொடங்கியதும் தளம் எல்லாப் பிராக்கெட்டையும் பூட்டிவிடும் என்பதால், நிரப்பியிருந்தும் சேராமல் போனவரை உங்கள் தனிக் கணக்கில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். அவர் ஏமாற்ற வழி இல்லை.

*ஃபார்ம் வைத்து நடத்துகிறீர்கள் என்றால்*

கடைசிப் பக்கத்தில் அனுப்பும் பொத்தானை அழுத்தினாரா என்று கேளுங்கள். 63 தேர்வையும் முடித்த களைப்பில் அப்படியே மூடிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அழுத்தினேன் என்று சத்தியம் செய்தால் ஷீட்டில் பதிவான நேரத்தைப் பாருங்கள். அந்த நேரம் ஷீட்டின் அமைப்பில் உள்ள நேர மண்டலப்படி பதிவாகிறது. ஷீட்டை உருவாக்கியவர் இந்தியாவில் இருந்தால் எல்லோருமே இரவில் தாமதமாக அனுப்பியது போலத் தெரியும். ஒரு வருடம் நான் இதைக் கவனிக்காமல் ஆறு பேரை வெளியே தள்ளிவிட்டுப் பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

*சென்னையில் ஆள் இருக்கிறார் என்றால்*

இதற்குத் தனியாக ஒரு வரி வேண்டும். குளிர்காலத்தில் நியூயார்க் நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். மார்ச் இரண்டாம் ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அப்புறம் ஒன்பதரை. அணிகளை அறிவிக்கும் ஞாயிறு பெரும்பாலும் அதற்கு அடுத்த வாரமே வந்துவிடும். கிழக்கு நேரம் மதியம் 12:15 ஆட்டம் என்றால் சென்னையில் இரவு 9:45. என் சித்தப்பா பையன் ஜனவரிக் கணக்கிலேயே இருந்துகொண்டு, 10:45 வரை நேரம் இருக்கிறதே என்று தோசை சாப்பிட உட்கார்ந்துவிட்டான். தட்டைக் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது முதல் ஆட்டம் இடைவேளையை நெருங்கியிருந்தது.

அதிலிருந்து அறிவிப்பில் மூன்று ஊர் நேரத்தையும் எழுதிவிடுகிறேன். கிழக்கே மதியம் 12, கலிஃபோர்னியாவில் காலை 9, சென்னையில் இரவு 9:30. "ஆட்டம் தொடங்கும் வரை" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த ஆட்டம், யார் கடிகாரத்தில் என்று வாதம் கிளம்பும்.

*இதில் எதுவும் இல்லை, உண்மையிலேயே தாமதம்தான் என்றால்*

எங்கள் விதி இது. தொடங்கிவிட்ட ஆட்டங்களுக்கு 0, மீதி செல்லும், மாலை 4 மணிக்கு மேல் சேர்க்கை இல்லை. இதைப் போட்டிக்கு முன்பே குழுவில் போட்டுவைத்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை. போட்டுவைக்கவில்லை என்றால் இந்த வருடம் சேர்த்துக்கொண்டு, அடுத்த வருடத்துக்கு விதி எழுதுங்கள். நடுவில் விதி எழுதுகிறவர் சொல்லை யாரும் நம்புவதில்லை.

கோளாறு: கணக்கு உதைக்கிறது

ஷீட் வைத்து நடத்தும் எல்லோருக்கும் முதல் வெள்ளி இரவு இது வரும். ஃபார்முலாவைத் தோண்டாதீர்கள். முதலில் ஒரு பொய்ப் போட்டியாளரைச் சேருங்கள். நான் அவருக்கு "விடைத்தாள் விநாயகம்" என்று பேர் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் உண்மையில் வென்ற அணியையே அவருடைய தேர்வாக எழுதுங்கள். அவர் எதிலும் தோற்க மாட்டார். ஆகவே அவருடைய மொத்தம் எப்போதும் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும்.

சுற்றுக்கு 1, 2, 4, 8, 16, 32 என்று புள்ளி கொடுத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் மொத்தம் 32 வரும். 64 அணிச் சுற்று முடிந்தால் விநாயகத்துக்கு 32, அடுத்த சுற்றில் 64, பிறகு 96, 128, 160, கடைசியில் 192. ஈஎஸ்பிஎன் பிராக்கெட் தளத்தின் கணக்கும் இதே ஏணிதான், பத்தால் பெருக்கி 10, 20, 40 என்று போய் 320-இல் முடியும், மொத்தம் 1920.

இப்போது விநாயகத்தைப் பாருங்கள்.

*விநாயகத்துக்குச் சரியாக இரண்டு மடங்கு வருகிறது*

பழைய ஷீட்டை எங்கிருந்தோ நகல் எடுத்திருக்கிறீர்கள். 2011 முதல் 2015 வரை டேட்டன் ஆட்டங்களை முதல் சுற்று என்றும், வியாழன் வெள்ளி ஆட்டங்களை இரண்டாம் சுற்று என்றும் அழைத்தார்கள். 2016-இல் பழையபடி மாற்றிவிட்டார்கள். அந்தக் காலத்து ஷீட் என்றால் 64 அணிச் சுற்றை இரண்டாவதாக எண்ணி 2 புள்ளி கொடுக்கும். எல்லோருக்கும் இரட்டிப்பாவதால் வரிசை மாறாது. அவசரம் இல்லை, போட்டி முடிந்தபின் திருத்துங்கள். கூடுதல் புள்ளி ஏதாவது வைத்திருந்தால் மட்டும் உடனே திருத்த வேண்டும், ஏனென்றால் அது இரட்டிப்பாகியிருக்காது.

*விநாயகத்துக்கு ஒன்றிரண்டு குறைகிறது*

ஏதோ ஒரு முடிவை எழுத விட்டிருக்கிறீர்கள். மேற்குக் கரையில் ஆடும் கடைசி ஆட்டம் இங்கே நள்ளிரவு தாண்டித்தான் முடியும். அதைத்தான் விட்டிருப்பீர்கள், தூங்கிப்போயிருப்பீர்கள்.

*விநாயகம் சரி, ஒரே ஒருவருக்கு மட்டும் தப்பு*

இங்கேதான் வேலை அதிகம். வரிசையாகப் பாருங்கள்.

அணியின் பேர். 2023-இல் ஒருவர் முதல் சுற்றிலிருந்து சாம்பியன் கட்டம் வரை கனெக்டிகட் என்று முழுப் பேரை எழுதியிருந்தார். என் விடைப் பத்தியில் யூகான். இரண்டும் ஒரே பல்கலைக்கழகம், ஆனால் ஷீட்டுக்கு அது எப்படித் தெரியும்? யூகான் கோப்பையை வாங்கியது, அவருக்கோ அந்த அணிக்கு ஆறு சுற்றிலும் முட்டை. 1, 2, 4, 8, 16, 32 கூட்டினால் 63. மொத்தம் 192-இல் 63 புள்ளி ஒரு பேருக்குள் ஒளிந்திருந்தது. மனிதர் மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசாமல் கடைசி இடத்தில் இருந்தார், பாவம். இதே வகையில் கவனிக்க வேண்டியவை: மயாமி என்ற பேரில் ஃபுளோரிடாவில் ஒன்று, ஒஹாயோவில் ஒன்று, நார்த் கரோலைனா, என்சி ஸ்டேட், செயின்ட் என்பதைச் சுருக்கி எழுதுபவர், விரித்து எழுதுபவர்.

கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. பேர் ஒன்றாகத்தான் தெரிகிறது, ஆனாலும் புள்ளி ஏறவில்லை என்றால், கைபேசியில் தட்டும்போது பேருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் விழுந்திருக்கும். எழுத்தை எண்ணும் லென் ஃபார்முலாவைப் போடுங்கள். யூகான் ஆங்கிலத்தில் 5 எழுத்து. 6 என்று வந்தால் பிடிபட்டது. டிரிம் போட்டால் போய்விடும்.

தேதியாக மாறிய சீட் எண். 5-ஆம் சீட்டும் 12-ஆம் சீட்டும் மோதும் ஆட்டத்தை 5-12 என்று எழுதினால், ஷீட் அதைப் புரிந்துகொள்ளும் விதமே வேறு. அமெரிக்க அமைப்பில் மே 12, இந்திய அமைப்பில் டிசம்பர் 5. கட்டத்தை எண்ணாக மாற்றிப் பார்த்தால் 45789 என்று ஏதோ ஒன்று முறைக்கும். முன்னால் ஒரு மேற்கோள் குறி போட்டு எழுதுங்கள், அல்லது பத்தியையே எழுத்து வடிவத்துக்கு முதலில் மாற்றிவிடுங்கள்.

நடக்கவே முடியாத பிராக்கெட். காகிதத்தில் நிரப்பித் தருபவர்களிடம் இது வரும். 32 அணிச் சுற்றிலேயே தோற்கும் என்று எழுதிய அணியைக் கடைசி நான்கு அணிகள் ஆடும் ஃபைனல் ஃபோரில் நிறுத்தியிருப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் உள்ள பேர் முந்தைய சுற்றிலும் இருக்கிறதா என்று கவுண்ட்இஃப் வைத்துப் பாருங்கள். எண்ணிக்கையும் 32, 16, 8, 4, 2, 1 என்று வர வேண்டும். ஆட்டத்துக்கு முன்னால் கண்டுபிடித்தால் திருத்தச் சொல்லலாம். பின்னால் என்றால், எந்தச் சுற்றில் அணி காணாமல் போனதோ அதற்கு மேல் அந்தப் பேருக்குப் புள்ளி இல்லை.

*நான்கு பேருக்கு மேல், ஒரே இடத்தில் தப்பு*

டேட்டன் ஆட்டக்காரர்கள். ஞாயிறு இரவே நிரப்புபவர்களுக்கு அந்த நான்கு இடங்களில் யார் வருவார் என்று தெரியாது. 2025-இல் தெற்கு மண்டலத்தின் 11-ஆம் இடம் நார்த் கரோலைனாவுக்கா, சான் டியாகோ ஸ்டேட்டுக்கா என்று செவ்வாய் இரவுதான் முடிவானது. எங்கள் குழுவில் பாதிப் பேர் ஒன்றை எழுதினார்கள், பாதிப் பேர் மற்றதை எழுதினார்கள். இடத்துக்குத்தான் மதிப்பு, பேருக்கு இல்லை என்று வைத்துக்கொண்டு இரண்டையும் ஒன்றாக எண்ணுங்கள். எங்கேயோ தோற்றுப் போகிற அணிதானே என்று விடவும் கூடாது. 2011-இல் விசியு, 2021-இல் யுசிஎல்ஏ, இரண்டுமே டேட்டன் வகை ஆட்டத்தில் தொடங்கி ஃபைனல் ஃபோர் வரை போனவை.

*எதுவும் பிடிபடவில்லை*

ஒவ்வொரு அலுவலகத்திலும் எக்செல்லில் புலி என்று பேரெடுத்த ஒரு அக்கா இருப்பார். அவரிடம் போய்விடுங்கள். என் கணக்குப்படி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீங்களே தோண்டினால் இருக்கிற சரியையும் கெடுப்பீர்கள். அதுவும் முடியாவிட்டால், அந்த ஒருவருடைய பிராக்கெட்டை அச்செடுத்துச் சிவப்புப் பேனாவால் கையால் திருத்துங்கள். 63 டிக், கால் மணி நேரம். அடுத்த வருடத்துக்கு எழுதும் கட்டங்களை எடுத்துவிட்டு, பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். மேலே சொன்ன பாதிக் கோளாறு பிறக்கவே பிறக்காது.

கோளாறு: முதல் வார இறுதிக்குப் பிறகு குழுவில் மூச்சுப் பேச்சில்லை

2018 மார்ச் 16, வெள்ளி இரவு. போட்டியின் முதல் இடம் வெர்ஜீனியாவுக்கு. எதிரே யுஎம்பிசி, 16-ஆம் சீட். ஆண்கள் போட்டியில் 16-ஆம் சீட் 1-ஆம் சீட்டை அதுவரை ஒருமுறைகூட வென்றதில்லை. 74-54 என்று இருபது புள்ளியில் வென்றது. எங்கள் குழுவில் வெர்ஜீனியாவைச் சாம்பியனாக எழுதியவர்கள் ஒன்பது பேர். சனிக்கிழமை காலையிலிருந்து அந்த ஒன்பது பேரும் காணோம். ஒருவர் குழுவை விட்டே வெளியேறிவிட்டார்.

*எளிய காரணம்: வாய்ப்பு இன்னும் இருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை*

வரிசைப் பட்டியலில் இப்போதைய புள்ளிக்குப் பக்கத்தில், இனி அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம் என்று ஒரு பத்தி சேருங்கள். இருபதாம் இடத்தில் இருப்பவரின் சாம்பியன் இன்னும் உயிரோடு இருந்தால் அவர் முதல் இடத்துக்கே வரலாம் என்று அப்போதுதான் புரியும்.

*அடுத்த காரணம்: புள்ளி முறை சாம்பியனுக்கே சாய்ந்திருக்கிறது*

இரட்டிப்பு முறையில் சாம்பியன் அணி ஒன்றே 192-இல் 63, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. 1, 2, 3, 4, 5, 6 என்று மாற்றினால் மொத்தம் 120, சாம்பியன் அணிக்கு 21. ஆறில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும். சாம்பியன் தோற்றவருக்கும் ஆட்டம் மிச்சம் இருக்கும். எனக்கு இது பிடிக்கும். ஆனால் பழைய ஆட்கள், சாம்பியனைச் சரியாகச் சொன்னவனுக்கு என்ன மரியாதை என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

எதிர்பாராத வெற்றிக்குக் கூடுதல் புள்ளி கொடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கை வைக்கும் முன் 2022-ஐக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 15-ஆம் சீட் செயின்ட் பீட்டர்ஸ், எங்கள் ஜெர்சி சிட்டியின் சின்னக் கல்லூரி, 2-ஆம் சீட் கென்டகி, 7-ஆம் சீட் மர்ரே ஸ்டேட், 3-ஆம் சீட் பர்டியூ மூன்றையும் சாய்த்தது. சீட் வித்தியாசத்தை அப்படியே புள்ளியாகக் கொடுத்தால் 13, 8, 12, ஆக 33. இரட்டிப்பு முறையில் இறுதி ஆட்டத்தைச் சரியாகச் சொல்வதற்கே 32-தான்! வித்தியாசத்தில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள்.

*எதுவும் பலிக்கவில்லை என்றால்*

இரண்டாம் பிராக்கெட். ஞாயிறு இரவு 16 அணி மிஞ்சும். அடுத்த ஆட்டம் வியாழன் மாலைதான். நடுவில் மூன்று நாள் இருக்கிறது, எல்லோரையும் மறுபடி நிரப்பச் சொல்லுங்கள். 15 ஆட்டம்தான், ஐந்து நிமிட வேலை. 1, 2, 4, 8 என்று கொடுத்தால் மொத்தம் 32. 2023-இல் ஃபைனல் ஃபோரில் 1, 2, 3-ஆம் சீட் ஒன்றுகூட இல்லாமல் யூகான், மயாமி, சான் டியாகோ ஸ்டேட், ஃபுளோரிடா அட்லான்டிக் வந்து நின்ற வருடம், எங்கள் குழுவைக் காப்பாற்றியது இந்த இரண்டாம் பிராக்கெட்தான்.

பெண்கள் போட்டியையும் பக்கத்திலேயே நடத்தலாம். அதுவும் 2022 முதல் 68 அணிதான். 2024-இல் அயோவாவும் சவுத் கரோலைனாவும் ஆடிய பெண்கள் இறுதியை ஆண்கள் இறுதியை விட அதிகம் பேர் பார்த்தார்கள். எங்கள் வீட்டிலும் அதே கதை.

கோளாறு: ஒன்றும் தெரியாதவர் ஜெயிக்கிறார்

இது கோளாறே இல்லை. 63 ஆட்டத்தையும் நிரப்ப மொத்தம் 92 லட்சம் கோடியை இன்னொரு லட்சத்தால் பெருக்கினால் வரும் அளவுக்கு வழிகள் உண்டு. அதில் சட்டை நிறத்தைப் பார்த்து நிரப்புகிறவருக்கும் இடம் இருக்கிறது. ஒன்றும் செய்யாதீர்கள். புகார் சொல்கிறவர் நான்காம் இடத்தில் இருப்பார், பாருங்கள்.

கோளாறு: உச்சியில் இருவர் சமம்

முதலில் சமம்தானா என்று பாருங்கள். மேலே சொன்ன பேர்க் குழப்பம் ஒருவரிடம் இருக்கலாம். உண்மையிலேயே சமம் என்றால், இறுதி ஆட்டத்தில் இரு அணியும் சேர்ந்து எடுக்கும் மொத்தப் புள்ளி என்ன என்று முன்பே கேட்டிருப்பீர்கள். கேட்கவில்லை என்றால் பரிசைப் பாதியாகப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. பூவா தலையா போடாதீர்கள், தோற்றவர் ஆயுளுக்கும் சொல்லிக்காட்டுவார்.

*கேட்டிருந்தும் சண்டை என்றால்*

2019 இறுதி. முந்தின வருடம் அவமானப்பட்ட அதே வெர்ஜீனியா, டெக்ஸாஸ் டெக்குடன். எங்கள் உச்சியில் இருவர் சமம். அடுத்த தெரு மாமா 140 என்று எழுதியிருந்தார், அலுவலக நண்பர் 160. நாற்பது நிமிடம் முடிந்தபோது 68-68, மொத்தம் 136. மாமா எழுந்து நின்று கைகுலுக்கத் தொடங்கிவிட்டார். அப்புறம் கூடுதல் நேரம். முடிவில் 85-77, மொத்தம் 162.

"கூடுதல் நேரத்தை யாருங்க கணக்குல எடுப்பா?" என்று மாமா கேட்டார். "ஸ்கோர்னா ஸ்கோர்தானே மாமா" என்றார் நண்பர். என் விதியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பலகையில் கடைசியாக உள்ள எண்தான் ஸ்கோர் என்று நண்பருக்குக் கொடுத்தேன். மாமா அடுத்த இரண்டு பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

எழுத வேண்டியது இரண்டு வரி. கூடுதல் நேரம் சேர்த்தி. மேலேயோ கீழேயோ, எவ்வளவு நெருக்கம் என்பதுதான் கணக்கு. தாண்டாமல் நெருங்கியவர் என்று வைக்காதீர்கள். 2025-இல் ஃபுளோரிடா ஹூஸ்டனை 65-63 என்று வென்றது, மொத்தம் 128 மட்டுமே. 2008-க்குப் பிறகு முதல்முறையாக நான்கு 1-ஆம் சீட்டும் ஃபைனல் ஃபோருக்கு வந்த வருடம் அது. எல்லோரும் ஒரே மாதிரி நிரப்பியதால் எங்கள் உச்சியில் மூவர் சமம், மூவரும் 140-க்கு மேல் எழுதியிருந்தார்கள். அந்த விதி இருந்திருந்தால் யாருக்குமே பரிசு இல்லை.

கோளாறு: "நடுவுல மாத்திட்டாங்க"

சந்தேகம் வந்தவுடன் குழுவில் பதில் சொல்லாதீர்கள். முதலில் ஷீட்டின் பதிப்பு வரலாற்றைத் திறங்கள். யார், எப்போது, எந்தக் கட்டத்தை மாற்றினார் என்று அதில் இருக்கும்.

நான் பார்த்த வரையில் பெரும்பாலும் திருட்டு இல்லை, விரல்தான். எல்லோருக்கும் திருத்தும் அனுமதி கொடுத்துவைத்திருப்பீர்கள். யாரோ ரயிலில் நின்றபடி, யார் முதல் இடம் என்று பார்க்கப் புள்ளிப் பத்தியை மட்டும் இறங்குவரிசையில் அடுக்கியிருப்பார். பேர்கள் அங்கேயே நிற்க, புள்ளிகள் மட்டும் இடம்பெயர்ந்துவிடும். நேற்றுக் கடைசியில் இருந்தவர் இன்று இரண்டாமிடம். பழைய பதிப்பை மீட்டு, எல்லோருக்கும் பார்க்கும் அனுமதி மட்டும் கொடுங்கள்.

பூட்டும் நேரத்தில் ஃபார்மை நிறுத்திவிட்டு, முதல் பந்து மேலே போகும் முன்பே எல்லாப் பிராக்கெட்டையும் பிடிஎஃப் ஆக்கிக் குழுவில் போட்டுவிடுங்கள். நீங்களும் ஆடுகிறீர்கள் என்றால் உங்களுடையதை எல்லோருக்கும் முதலில் போடுங்கள். சீட்டுப் பிடிப்பவரே முதல் சீட்டை எடுத்தால் ஊர் பேசும் அல்லவா?

அப்புறமும் அடங்கவில்லை என்றால் பூலில் ஆடாத ஒருவரை நாட்டாமையாக வையுங்கள். எங்களுக்குத் தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஒருவர். அவருக்குக் கூடைப்பந்து தெரியாது, அதுவே அவருடைய தகுதி.

கோளாறு: காசு வரவில்லை, அல்லது காசு அதிகமாகிவிட்டது

*வரவில்லை என்றால்* மறதிதான். குழுவில் பேர் போட்டுக் கேட்காதீர்கள், தனியாகக் கேளுங்கள். பூட்டும் நேரம் வரை வராவிட்டால் பிராக்கெட் சும்மா ஆடும், பரிசு கிடையாது. யாருக்காகவும் கையிலிருந்து போடாதீர்கள். நான் போட்ட 10 டாலர் வேறு மாநிலத்துக்குக் குடிபோய்விட்டது.

*அதிகமாகிவிட்டது என்றால்* அதுதான் உண்மையான கோளாறு. ஒருவரின் மச்சான் தன் அலுவலகத்திலிருந்து நாற்பது பேரைக் கூட்டிவருவார். முகம் தெரியாதவர்களின் காசு உங்கள் கணக்கில் ஏறும். முதல் வேலை, நீங்கள் ஒரு சென்ட்கூட எடுக்காமல் இருப்பது. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பல மாநிலங்களில் நண்பர்களுக்குள் ஆடுவதை விட்டுவைத்திருப்பதே, நடத்துபவர் கமிஷன் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான். 2018-இல் உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு மாநிலங்கள் அனுமதி தரலாம் என்றது உண்மை. அது உரிமம் வாங்கியவர்களுக்கு, உங்கள் ஷீட்டுக்கு இல்லை.

அலுவலகத்தில் நடத்துவதானால் எச்ஆரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். மத்திய அரசுக் கட்டடத்தில் காசு வைத்து ஆடுவது விதிப்படியே கூடாது. பரிசுப் பணம் வருமானம், வரிக் கணக்கில் வரும். தொகை பெரிதென்றால் வரி ஆலோசகரைப் பாருங்கள். விசாவில் இருப்பவர் நடத்துகிறார், மாநிலச் சட்டமும் தெளிவாக இல்லை என்றால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு வழக்கறிஞரைக் கேளுங்கள். இதற்குக் கைவைத்தியம் இல்லை.

எங்கள் குழுவில் பாதிப் பேர் விசா. ஆகவே சில வருடமாகக் காசையே நிறுத்திவிட்டோம். கடைசி இடம் பிடிப்பவர் எல்லோருக்கும் தோசை சுட வேண்டும். முதல் இடத்துக்கு ஒரு எவர்சில்வர் கூஜா. முதல் வருடத்திலிருந்து இருக்கிறது. யார் ஊருக்குப் போகிறாரோ அவர் கூஜாவை எடுத்துப் போய்ப் பாத்திரக் கடையில் அந்த வருடத்து வெற்றியாளரின் பேரை வெட்டிக்கொண்டு வருவார்.

கோளாறு: ஆட்டமே நடக்கவில்லை, அல்லது முடிவு பிறகு மாறியது

*ஒரு ஆட்டம் நடக்கவில்லை:* 2021-இல் விசியு அணியில் கொரோனா வந்து, ஆரிகன் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போனது. அடுத்த சுற்றுக்குப் போகிறவர்தான் வென்றவர் என்று எண்ணுங்கள்.

*போட்டியே இல்லை:* 2020 மார்ச் 12-இல் ரத்து செய்தார்கள், அணிகளை அறிவிக்கும் முன்பே. வாங்கிய காசு அன்றே திரும்பிப் போக வேண்டும். அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லாதீர்கள்.

*வருடங்கள் கழித்து மாறியது:* 2013-இல் லூயிவில் மிச்சிகனை 82-76 என்று வென்றது. 2018 பிப்ரவரியில் என்சிஏஏ அந்தப் பட்டத்தையே செல்லாது என்று எடுத்துவிட்டது. செய்தி வந்த அன்று மாலை, 2013-இல் எங்கள் பூலில் இரண்டாம் இடம் வந்தவரிடமிருந்து அழைப்பு. "அப்போ அந்த வருஷம் நான்தானே?"

ஆட்ட இரவு பலகையில் இருந்த முடிவே எங்கள் முடிவு என்றேன். அவர் விடவில்லை. கூஜாவைக் கொண்டுபோய்க் காட்டினேன். கும்பகோணத்தில் வெட்டிய பேர், அழிக்க வேண்டும் என்றால் கூஜாவைத்தான் உருக்க வேண்டும். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கீழே கொஞ்சம் இடம் இருக்கே, அங்கே என் பேரையும் சின்னதா வெட்டலாமே என்றார்.